உள்விலாசம்

ஜூன் 30, திங்கள்

கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வருகிறது. ஆனால் கதவு திறக்கவில்லை. முதல் நாள் வேலை இப்படி முடிந்தது.

விவரமாக எழுதினால்தான் எனக்கே புத்தியில் ஏறும். சங்கரன்கோவிலில் டயாலிசிஸ் கிளை ஒன்று புதிதாகத் திறக்கப்போகிறார்கள். திருநெல்வேலியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் கிளை. நோயாளிகளின் விவரம் அத்தனையும் அங்கே ஒரு சர்வரில், டேட்டாபேஸில் இருக்கிறது. யாருக்கு எந்தக் கிழமை முறை, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறக்க வேண்டும், எந்த மருந்து கொடுக்கலாம், எது ஆகாது, எல்லாம் அதில்தான். இங்கே உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்க வழி செய்து கொடுப்பது என் வேலை. நடுவில் அவர்களுடைய ஃபயர்வால் நிற்கிறது, மாமியார் மாதிரி. யார் வந்தாலும் யார், எவர், எதற்கு என்று கேட்காமல் விடாது.

கடைகளுக்குக் கேமரா மாட்டிக்கொண்டும், வீடுகளுக்கு நெட் இழுத்துக்கொண்டும் பிழைக்கிற எனக்கு இது பெரிய வேலைதான். நானாகத் தேடிப்போய்க் கேட்டு வாங்கினேன். எதுக்கு இந்த ஆஸ்பத்திரி வேலை என்று அம்மா கேட்டாள். வேலை என்று வந்தால் வாங்கத்தானே வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

ஆடி பிறப்பதற்குள் திறந்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் பிடிவாதம். ஜூலை 14 நாள் குறித்திருக்கிறார்கள். அது தப்பினால் ஆடியில் எதையும் தொடங்க மாட்டார்கள், ஆவணிதான். அதுவரை இந்த ஊர்க்காரர்கள் வாரத்துக்கு மூன்று தடவை நெல்லைக்குப் பஸ் ஏற வேண்டும். போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போதுதான் பாடு. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் குமட்டும், மானூர் தாண்டுவதற்குள் எத்தனை தடவை வந்தாச்சா வந்தாச்சா என்று கேட்பார்கள். அதனால் ஆவணி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நெல்லையில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் செய்யது மீரான் என்பவர். மேலப்பாளையத்துக்காரர். நேரில் பார்த்ததில்லை, போனில்தான். பொறுமைசாலி. நான் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாலும் மூன்று தடவையும் பதில் சொல்கிறார். மீரான் அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் பக்கம் எல்லாம் சரி என்கிறார். ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் சென்னைக் கம்பெனி அவர்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறது. என் பக்கமும் எல்லாம் சரி. மூன்று சரி சேர்ந்தும் வேலை நடக்கவில்லை. எனக்கு இந்த மாதிரிப் புதிர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஜூலை 2, புதன்

பாளையங்கோட்டையில் படித்தபோது நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டல் இன்று ஞாபகம் வந்தது. எங்கள் எல்லாருக்கும் வெளி உலகத்தில் ஒரே விலாசம்தான், ஹாஸ்டல் விலாசம். பார்சல் வாசலுக்கு வரும். வார்டன் எந்த அறைக்கு என்று பார்த்து உள்ளே அனுப்புவார். அறை எண் எங்களுக்குள் மட்டும் செல்லும். வெளியே நிற்பவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

நெல்லை ஆஸ்பத்திரியும் அப்படித்தான். வெளியே ஒரு விலாசம். உள்ளே ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் உள்விலாசம். ஃபயர்வால்தான் வார்டன். நான் வெளி விலாசத்தைத் தட்டினால், அது மாற்றி எழுதி உள்ளே சர்வரிடம் அனுப்புகிறது. அதுவரை சரியாக நடக்கிறது, ஏனென்றால் பதில் வருகிறது. அப்புறம் எங்கே போய்த் தொலைகிறது என்பதுதான் கேள்வி.

ஜூலை 3, வியாழன்

இன்றும் இல்லை. வியாழக்கிழமைகள் எனக்கு ராசியில்லை. அம்மா சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

டயாலிசிஸ் டெக்னீசியன் வந்து சேர்ந்தாள். ஜெசிந்தா, தூத்துக்குடிப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வந்த உடனே மெஷின்களைத் துடைத்து, கட்டில்களை நகர்த்தி, கிளை முழுவதையும் தன் வீடாக்கிக்கொண்டாள். என்னை அக்கா என்கிறாள். அப்படிக் கூப்பிட வேண்டாம், வடிவு என்றே சொல் என்றேன். மரியாதையில்லை என்று மறுத்துவிட்டாள்.

ஏசிக்கு நேர் கீழே கட்டில் போட்டிருந்தாள். அங்கே வேண்டாம், ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும்போது உடம்பு வெடவெடவென்று ஆடும் என்றேன். போர்வை கூடுதலாக வேண்டும் என்றும், ஊசி போட்ட கையைப் போர்வைக்கு வெளியே வைத்தால்தான் கசிவது தெரியும் என்றும் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேபிள் இழுக்க வந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றாள். பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றேன். எல்லாருக்கும் தெரியாது என்றாள். அதற்குள் எனக்குக் கேபிள் வேலை வந்துவிட்டது.

ஜூலை 5, சனி

வந்துவிட்டது! நேற்று வரைக்கும் கல்லாக இருந்த திரையில் இன்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். காலையில் ஃபயர்வால் கம்பெனியிடம் கெஞ்சி விதி ஒன்றை மாற்றச் சொன்னேன். அதே நேரத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ஒரு மெஷினைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்து, நம் நெட்வொர்க் ஸ்விட்சில் சொருகிவிட்டுப் போனார்கள். ஊழியர்கள் பழகிக்கொள்வதற்கான பயிற்சி மெஷினாம். பதினோரு மணி வாக்கில் நான் மறுபடி தட்டினேன். கதவு திறந்தது. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், உள்ளே விட்டது.

மீரான் அண்ணனிடம் சொன்னபோது மாஷா அல்லாஹ் என்றார். ஜெசிந்தா பிரியாணி வாங்கி வரச் சொன்னாள். எனக்கு மட்டும் ஓர் அரிப்பு. வேலை செய்யாதபோது ஏன் என்று கேட்பவர்கள் நிறைய. வேலை செய்யும்போது ஏன் என்று கேட்கிற கிறுக்கு நான் ஒருத்திதான். அந்த விதி மாற்றம் அப்படியொன்றும் பெரியதில்லை. இருந்தாலும் பிரியாணி நன்றாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

ஜெசிந்தாவுக்குப் பட்டியலைத் திறந்து காட்டினேன். இந்த ஊர் நோயாளிகளை மட்டும் தனியாகப் பிரித்து, கிழமை வாரியாக வருகிறது. திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு பெயர் பார்த்தேன். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையில் இன்று தேர். மீரான் அண்ணனுக்கு விடுமுறை. எனக்கும் வேலை ஒன்றுமில்லை. ஆனாலும் கிளைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆவுடைத்தாய். வயது நாற்பத்தொன்று. செவ்வாய், வியாழன், சனி, காலை முதல் முறை, நாலாம் மெஷின். நிலை: தொடர்கிறது. உடன் வருபவர்: தங்கை.

தங்கை என்று போட்டிருக்கிறார்களே தவிர பெயர் போடவில்லை. ஒன்றரை வருஷம் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தருக்கும் பெயர் கேட்கத் தோன்றவில்லை. தொடர்பு எண் மட்டும் என்னுடையது.

நர்ஸ்கள் ஒவ்வொரு முறைக்கும் எழுதின குறிப்புகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. கால் கடுக்கிறது என்கிறார். வீட்டில் மாங்காய் ஊறுகாய் சாப்பிட்டதாகத் தங்கை புகார். நோயாளி மறுக்கிறார். அதை வாசித்துச் சிரித்துவிட்டேன். ஊறுகாய் ஜாடியை நான் ஒளித்துவைத்த இடமெல்லாம் அவளுக்குத் தெரியும். அதை நர்ஸ் எழுதிவைத்திருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இன்னும் என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது, பாதிதான் வாசித்தேன்.

கடைசிக் குறிப்பு பங்குனியில் இருக்கிறது. அவள் போனது சித்திரையில்.

பெயரை எடுக்க மறந்திருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி, ஆயிரம் பேர். மறப்பதுதான்.

ஜூலை 9, புதன்

மீரான் அண்ணனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். யாராவது தவறிப்போனால் பட்டியலிலிருந்து எடுக்க எவ்வளவு காலம் ஆகும் என்று. அவர் யோசிக்கவே இல்லை.

“அன்னைக்கே எடுத்துருவோம் வடிவு. ஒரு மெஷின் காலியாவாதான்னு வெளிய எத்தன பேரு காத்துக் கெடக்காங்க. அந்த எடத்த ஒரு நாளு சும்மா போட மாட்டோம்.”

அப்படியானால் நான் பார்ப்பது நெல்லை சர்வர் இல்லை. போனை வைத்த கையோடு, ஒவ்வொரு தகவல் பொட்டலமும் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று வரிக்கு வரி பார்க்கிற மென்பொருளை ஓடவிட்டேன். மதியத்துக்குள் பிடித்துவிட்டேன். இதில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் நெல்லையின் வெளி விலாசத்தைத் தட்டுகிறேன். ஃபயர்வால் அதை மாற்றி உள்ளே அனுப்புகிறது. டேட்டாபேஸின் வாசலில் நிற்பவன் பதில் சொல்கிறான்: நான் ஆளை இருத்துகிற இடம் வேறு, இன்ன அறைக்கு வா. அந்த அறை எண் அவனுடைய உள்விலாசம். ஃபயர்வால் உறையின் மேல் இருக்கிற விலாசத்தைத்தான் மாற்றும், கடிதத்துக்குள் எழுதியிருப்பதைப் படிக்காது. அந்த உள்விலாசம் அப்படியே என்னிடம் வந்து சேருகிறது. நானும் நல்ல பிள்ளையாக அந்த எண்ணைத் தேடிப் போகிறேன். எங்கே போவேன்? இந்தக் கிளைக்கும் அதே எண் வரிசை என்பதால் என் வீட்டுக்குள்ளேயேதான் தேடுவேன். போன வாரம் அந்த எண்ணில் இங்கே யாருமில்லை, அதனால் கதவு திறக்கவில்லை. சனிக்கிழமை அந்தப் பயிற்சி மெஷினைக் கொண்டுவந்து சொருகினார்கள். நெல்லை சர்வரைப் பங்குனியில் அச்சு அசலாக நகலெடுத்தது அது. பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, உள்விலாசம்கூட மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டார்கள். நான் நெல்லைக்குப் போய்விட்டதாகக் குதித்துக்கொண்டு என் காலடியில் இருக்கிற மெஷினிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது. அதற்குள் இன்னும் பங்குனி மாதம்.

ஜெசிந்தா வந்து, வெள்ளிக்கிழமை ஒரு நோயாளியை வரவழைத்து ஒத்திகை பார்க்கப்போகிறோம் என்று சொன்னாள். சரி என்றேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம். இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொன்னால்தான் நல்லது. இந்தக் கம்பெனிக்காரர்களிடம் ஆதாரம் இல்லாமல் பேச முடியாது.

ஜூலை 10, வியாழன்

சரிபார்த்தேன். காலையிலிருந்து சரிபார்த்தேன். திரையில் இன்றைய முறை என்று அவள் பெயர் பச்சையில் வந்தது. மீதிக் குறிப்புகளையும் வாசித்தேன். ஒரு இடத்தில், தங்கைக்குக் கல்யாணம் பேசச் சொல்லி எங்களிடம் கேட்கிறார் என்று ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள். மருத்துவக் குறிப்பில் எழுதுகிற விஷயமா இது?

மதியம் மொட்டைமாடியில் நின்று கேபிளைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆடிக்காற்று முன்னாலேயே வந்துவிட்டது, நிற்க விடவில்லை. போன் அடித்தது. கிளையின் நம்பர். கீழே இருந்துகொண்டு எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன்.

“ஆவுடைத்தாய் வீடுங்களா? டயாலிசிஸ் கிளையில இருந்து பேசுறேன். அடுத்த வாரத்துல இருந்து அவங்க இங்கயே வந்துரலாம்மா. இனி நெல்லைக்கு அலைய வேண்டாம்னு சொல்லிருங்க.”

ஜெசிந்தாதான். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறாள். காற்றில் என் குரல் அவளுக்குப் பிடிபடவில்லை.

“சொல்லிருதேன்,” என்றேன்.

கீழே இறங்கி வந்தபோது, ஒருத்தி ரொம்ப சந்தோஷப்பட்டாள், பேச்சே வரவில்லை அவளுக்கு என்று ஜெசிந்தா சொன்னாள். நான் கை கழுவப் போனேன்.

எல்லாருக்கும் எழுத வேண்டிய மெயிலைத் தயாராக எழுதிவைத்துவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அனுப்பினால் இன்றைக்கே அந்த மெஷினைப் பிடுங்கிவிடுவார்கள். நாளை காலை அனுப்பினாலும் ஒன்றுதான். திறப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஒத்திகை என்றால் தண்ணீரை வைத்து ஓட்டிப்பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு லெட்சுமணப்பெருமாள் என்பவர் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். முதல் ஆளாகக் கூப்பிட்டதில் அவருக்குப் பெருமை, சட்டையில் செண்ட் வாசனை. நெல்லை ஃபைலைக் கொண்டுவரவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வெறுங்கையோடு வந்தால் போதும் என்று நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறையில் போனில் பேசப் போனார்.

ஜெசிந்தா முறைப்படி எல்லாம் கேட்டாள். மருந்தில் எதுவும் மாற்றம் உண்டா என்றும் கேட்டாள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமே என்றார் அவர். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு ஹெப்பரின் குப்பியை எடுத்து ஊசியில் இழுத்தாள். ரத்தம் மெஷினுக்குள் போகும்போது உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து அது. எல்லாருக்கும் கொடுப்பதுதான், நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய மனைவி என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா பேச்சுக்காக, போன மாதம் வயிற்றில் புண் வெடித்து ரத்தமாக வாந்தி எடுத்தார், பிழைத்ததே பெரிசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாதம். அந்த மெஷினுக்குப் போன மாதம் என்று ஒன்று கிடையாது.

நான் எழுந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. “ஜெசி, அதப் போடாத,” என்றேன். அவள் ஊசியைப் பிடித்தபடி திரும்பினாள். திரையில் இருக்கிறதே, பெருமாள் சாருக்கு முழு அளவு என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே என்றாள். கேபிள்காரிக்கு இதில் என்ன வேலை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உள்விலாசம், வெளி விலாசம், நகல் என்று நான் வாய் திறந்தால் அவளுக்கு விளங்குவதற்குள் ஊசி உள்ளே போய்விடும்.

“அந்தத் திரைய நம்பாத. அதுல எங்க அக்கா உயிரோட இருக்கா.”

இதுவரை அவள் இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் அத்தான்தான் சொன்னார். இன்று அதைக்கூட நேராகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. ஜெசிந்தா ஊசியைத் தட்டில் வைத்தாள். யார் என்று கேட்டாள். நாலாம் மெஷின் ஆவுடைத்தாய் என்றேன். நேற்று நீ பேசியது என்னிடம்தான் என்றேன். அவள் கண் விரிந்தது. உடனே நெல்லை வார்டுக்குப் போன் போட்டாள். பெருமாளுக்கு ஹெப்பரின் சொட்டுக்கூடக் கூடாது என்று போன மாதமே எழுதி, சிவப்பில் கோடும் போட்டிருக்கிறார்களாம். போட்டிருந்தால் மறுபடி வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கும், இந்த ஊரில் அதை நிறுத்த வசதி கிடையாது என்று டாக்டர் ஓடி வந்து சொன்னார்.

பெருமாள் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெப்பரின் இல்லாமல், அரை மணிக்கொரு தரம் குழாயைக் கழுவிக் கழுவி அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. முடிந்து கிளம்பும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அக்காவுக்கு என்ன வயசு என்று கேட்டார். சொன்னேன். ரொம்பச் சின்ன வயசு என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜூலை 12, சனி

நாள் முழுக்க வேலை. நல்லதாகப் போயிற்று.

மீரான் அண்ணனும், ஃபயர்வால் கம்பெனியும், சாஃப்ட்வேர் கம்பெனியும் ஒரே அழைப்பில் இருந்தார்கள். யார் மேல் யார் பழியைப் போடலாம் என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு வேலைக்கு வந்தோம். டேட்டாபேஸ் வாசலில் நிற்பவனுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தாயிற்று. உள்ளேயிருந்து கேட்டால் உள்விலாசம், வெளியேயிருந்து கேட்டால் வெளி விலாசம். அவன் சொல்கிற இரண்டாவது கதவையும் ஃபயர்வாலில் எங்களுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். இந்தக் கிளையின் எண் வரிசை முழுவதையும் நான் மாற்றிவிட்டேன். இனி இரண்டு ஊரிலும் ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்க வழியில்லை. பயிற்சி மெஷினை ஸ்விட்சிலிருந்து பிடுங்கித் தனியாக வைத்தாயிற்று. மாலையில் தட்டினேன். திறந்தது. இந்தத் தடவை பொட்டலம் ஒவ்வொன்றும் நெல்லை வரை போய்த் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இது எப்போது தெரிந்தது என்று மீரான் அண்ணன் கேட்டார். ஊசியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது என்றேன். ஏறக்குறைய அது சரிதான். எழுதிவைத்த மெயிலை அனுப்பாமலே அழித்துவிட்டேன்.

ஜெசிந்தா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். புதன்கிழமை நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தினமும் எனக்கு டீ வாங்கித் தருகிறவள் இன்று தரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நாளை திறப்பு. பந்தல்காரர்கள் வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. சனிக்கிழமை முதல் வெள்ளி வரை இங்கே ஏற்றினதெல்லாம் தெரியாமல் அந்தப் பயிற்சி மெஷினுக்குள் போயிருக்கிறது. புது நோயாளிகள் இரண்டு பேர், சில போன் நம்பர்கள், பெருமாளுக்கு நடந்த முறை. அது எதுவும் விட்டுப்போகாமல் நெல்லைக்குக் கொண்டுபோன பிறகுதான் மெஷினைத் துடைக்க வேண்டும். அங்கே மீரான் அண்ணனும் இங்கே நானும் போனை வைத்துக்கொண்டு, இரண்டு பட்டியலையும் ஒவ்வொரு பெயராக ஒத்துப்பார்த்தோம். இங்குள்ள பட்டியலை அவருக்கும் அனுப்பியிருந்தேன். முறை வாரியாக அவர் வாசிப்பார், நான் பார்த்துச் சொல்வேன். ஜெசிந்தா என் பின்னால் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை முதலில் எடுத்தோம். மூன்றாம் மெஷின் முடிந்தது. மீரான் அண்ணன் கொஞ்சம் நிறுத்தினார்.

“நாலாம் மெஷினுக்கு ஆவுடைத்தாய்னு ஒரு பேரு ஒங்க பக்கம் இருக்கு வடிவு. எங்க பட்டியல்ல இல்ல. புதுசா நீங்க ஏத்துனதா? இங்க சேத்துரட்டுமா?”

அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர் சர்வர் அறையை விட்டு வார்டுக்கு வந்தவரில்லை. சேர்த்துவிடுங்கள் என்றால் சேர்த்துவிடுவார். நாளை காலை நெல்லையிலும் சங்கரன்கோவிலிலும் திரையில் பச்சையாக நிற்கும், நிஜமான சர்வரில். யாராவது கண்டுபிடித்து எடுக்கும்வரை. பின்னால் போர்வை மடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“சேக்க வேண்டாம்ண்ணே. அது எங்க அக்கா. சித்திரையில தவறிட்டா. எனக்குப் புதன்கெழமையே தெரியும், நாந்தான் சொல்லாம வச்சிருந்தேன்.”

பெருமாளின் ஊசி அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். சரிம்மா என்று மட்டும் சொன்னார். பிறகு அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

“வெள்ளிக்கெழம. மொதல் மெஷின். லெட்சுமணப்பெருமாள்.”

“இருக்காங்கண்ணே,” என்றேன்.